பிள்ளைகளோடு மலையேறக் கிளம்பும் தம்பிமார்களுக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் முப்பது வருஷம் ரோலிங் மில்லில் நின்றவன் நான். ஃபர்னஸ் சூட்டில் வெந்த உடம்பு, அதனால் வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல எனக்குத் தகுதி உண்டு. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் சின்னப் பிள்ளைக்காரர்கள் வந்து நிற்பார்கள்: "பெரியவரே, வாண்டுகளை எந்த மலைக்குக் கூட்டிப் போகலாம்?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டது. எழுதிவிடுகிறேன்.

1. நம் பக்கத்து மலை குளிராது. மலை என்றால் சில்லென்று இருக்கும் என்பது ஊட்டிக்குப் போய்வந்தவர்களின் நினைப்பு. ஆயிரம் மீட்டர் ஏறினால்தான் ஆறு டிகிரி போலக் குறையும். ஏலகிரிக்கு அந்தக் கணக்கு சரி. பதினாலு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் வித்தியாசம் தெரியும். திருத்தணிக்கும் பூண்டி பக்கத்து அல்லிக்குழி மலைக்கும் அவ்வளவு உயரம் ஏது? கத்திரியில் பத்து மணிக்கே பாறை அனல் கக்கும். இங்கே கோடை மலை என்பது விடியற்காலைச் சமாசாரம். வெளிச்சம் வந்ததும் ஏறுங்கள், ஒன்பது, ஒன்பதரைக்குள் கீழே இருங்கள்.

2. நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு கிளம்பாதீர்கள். நான் கிளம்பினேன். பழைய மொபெட்டில் முன்னால் பையன், பின்னால் வீட்டுக்காரி, அவள் மடியில் மூன்று வயசுப் பெண். ஊத்துக்கோட்டை ரோட்டில் கண் சொக்கி, வண்டி ஓரத்து மணலில் சாய்ந்தது. பெண்ணுக்கு முட்டி சிராய்ப்பு, அவ்வளவுதான். என் வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கிவிட்டுப் போங்கள். நாலு பேரை ஒரே வண்டியில் ஏற்றாதீர்கள்.

3. முதல் மலை திருத்தணியாக இருக்கட்டும். 365 படி, வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பார்கள். பிள்ளைகள் எண்ணிக்கொண்டே ஏறும், நூறைத் தாண்டியதும் சண்டை போட்டுக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். திருவள்ளூரில் ஏறினால் லோக்கல் ரயில் நேரே போகிறது. ஒரே எச்சரிக்கை: கோயில் படி, வெறுங்கால். வெயில் ஏறிவிட்டால் இறங்கும்போது பிஞ்சுக் கால் கொப்பளிக்கும்.

4. உச்சியை மறந்துவிடுங்கள். நாலு வயசுப் பிள்ளையோடு ஒரு கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம் ஆகும். ஓணானைப் பார்க்கும், கல் பொறுக்கும், உட்கார்ந்துகொள்ளும். இன்னொன்று, தூக்கச் சொல்லி அழுத பிறகு திரும்பாதீர்கள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே திரும்புங்கள். இதில் அப்பாக்கள்தான் மோசம். "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்பார்கள். அந்த இவ்வளவு தூரத்தையும் திரும்ப நடக்க வேண்டுமே!

5. ஏழெட்டு வயசானால் குடியம் குகைக்குப் போகலாம். பூண்டி ஏரியைத் தாண்டி, முள்ளுக்காட்டு வழி. நம் மாவட்டத்தில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கூழாங்கற்கள் அப்பிய பெரிய பாறைக்கூரை, கல்லும் காரையும் சேர்த்துக் கொட்டின கான்கிரீட் மாதிரி இருக்கும். கற்கால மனுஷர் ஒதுங்கிய இடம். 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் கல் கோடரிகளைக் கண்டெடுத்தார். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே தோண்டி, அந்தக் கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வருஷம் வயசு என்று 2011-இல் வெளியிட்டார்கள். பூண்டியில் இருக்கும் தொல்லியல் துறை அருங்காட்சியகத்தை முதலில் காட்டிவிட்டுப் போனால், பிள்ளை ஒவ்வொரு கல்லையும் சந்தேகத்தோடு பார்க்கும். பார்க்கட்டும், ஆனால் பையில் போட விடாதீர்கள்.

குடியம் வனத்துறை நிலம், சொல்லாமல் நுழையக்கூடாது. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் குடியமும் உண்டு. முன்பதிவு செய்தால் வழிகாட்டி கூட வருவார். தீக்காலத்தில் பாதையை மூடுவார்கள், அப்போது வாதாடாதீர்கள்.

குகைக் கூரையில் மலைத்தேனீ அடை கட்டும். அங்கே கூச்சல் வேண்டாம், சென்ட் வேண்டாம், சூடம் பீடி எதுவும் வேண்டாம். எதிரொலி கேட்க ஆசைப்பட்டு எந்தப் பிள்ளையும் கத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழுக்கால் பேண்ட்டும் ஷூவும் போடுங்கள், செருப்பை முள் துளைத்துவிடும்.

6. காலை நடைக்குப் பிள்ளைக்கு ஒரு லிட்டர், பெரியவருக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும். கேட்கும்போது கொடுப்பதல்ல, கேட்கும் முன்பே வாய் வாயாகக் கொடுப்பது. மில்லில் எங்களுக்கு உப்பு மோர் கொடுப்பார்கள். அதையே கொண்டுபோங்கள், ஆனால் முதல் ஒரு மணி நேரத்திலேயே குடித்து முடித்துவிடுங்கள். தயிர்சாதம் வெயிலில் புளித்துப் போகும். புளிசாதம், வெள்ளரிப்பிஞ்சு போதும்.

7. தடா அருவிக்குச் சின்னப் பிள்ளை வேண்டாம். வரதய்யபாளையம் பக்கம், ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது. நடையும் நீளம், பாறையும் வழுக்கல், மடுவும் ஆழம். நீச்சல் தெரிந்த வாலிபர்களே செத்திருக்கிறார்கள். தண்ணீரில் ஆடித்தான் ஆகவேண்டும் என்று அடம்பிடித்தால், நாராயணவனம் பக்கத்துக் கைலாசகோனா இருக்கிறது.

8. வெயில் தாக்கினால் பெரியவன் "தலை சுத்துது" என்று சொல்லுவான். பிள்ளை சொல்லாது, சத்தம் போடாமல் அடங்கிவிடும். ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று மடியில் சாய்ந்தால், மூத்திரம் போய் ரொம்ப நேரம் ஆகியிருந்தால், நடை அத்தோடு முடிந்தது. நிழலில் கிடத்தி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து விசிறுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் ஓஆர்எஸ் கொடுங்கள். உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. எந்த இடம் வரைக்கும் கிடைத்தது என்று போகும்போதே பார்த்து வையுங்கள்.

9. ஒவ்வொரு பிள்ளை கழுத்திலும் ஒரு விசில் கட்டுங்கள். ஷிஃப்ட் மாறும்போது மஸ்டர் எடுப்போமே, அது மாதிரி ஒவ்வொரு திருப்பத்திலும் தலை எண்ணுங்கள். நாலு குடும்பம் சேர்ந்து போனால்தான் பிள்ளை காணாமல் போகும். ஒவ்வொருத்தரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பார்கள்.

10. திரும்பும் வழியில் ரோட்டோரம் நுங்கு விற்பார்கள். பிள்ளைகள் அதற்குள் தூங்கிப் போயிருக்கும். எழுப்பாதீர்கள், அவர்கள் பங்கை எடுத்து வைத்துவிடுங்கள்.