பல் எடுக்கும் நாளிலும் இரத்த அழுத்த மாத்திரை வேண்டும்

வரதராஜன்பேட்டை, ஆண்டிமடம் வட்டாரத்திலிருந்து பல் வலியோடு வருவோரில் சிலர், "பல் எடுக்க வேண்டுமே என்று காலையில் பிரஷர் மாத்திரை போடவில்லை, சாப்பிடவும் இல்லை" என்று கூறுவதுண்டு. மாத்திரை போட்டால் இரத்தம் நிற்காது என்னும் எண்ணமே இதற்குக் காரணம். உண்மை இதற்கு நேர்மாறானது.

இரத்த அழுத்தம் உயர்ந்திருக்கும்போதுதான் பல் எடுத்த குழியில் இரத்தக் கசிவு மிகும். அச்சமும் வலியும் சேர்ந்தால் உடலில் அட்ரினலின் கூடுதலாகச் சுரந்து அழுத்தத்தை மேலும் ஏற்றும். மாத்திரையும் இல்லையெனில் மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கான ஆபத்து கூடும்.

ஆகவே நோயாளியை ஐந்து நிமிடம் அமரச் செய்து அழுத்தத்தை அளக்கிறோம். மேல் அளவு 180 அல்லது கீழ் அளவு 110-ஐ எட்டினால், அவசரமற்ற பல் எடுப்பைத் தள்ளிவைக்கிறோம். இதனைப் புறக்கணிப்பு என்று கருத வேண்டா. வலிக்கும் சீழுக்கும் உரிய மருந்தளித்து, அழுத்தம் கட்டுக்குள் வந்தபின் பல்லை எடுக்கிறோம். முகம் வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ இடர்ப்பட்டால் மட்டும் காத்திராமல் உடனே வருக.

மரத்துப்போகச் செய்யும் ஊசியிலும் சிறிதளவு அட்ரினலின் உண்டு. உங்கள் நோயை முன்னரே கூறினால் அதன் அளவைக் குறைத்துக்கொள்வோம்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் வேறு. அழுத்த மாத்திரைகள் வேறு. ஆஸ்பிரினையும் தாமாக நிறுத்தலாகாது. பஞ்சு வைத்து அழுத்தியும் தையலிட்டும் கசிவை நிறுத்தலாம். ஆனால் ஸ்டென்ட் வைத்த இதயக் குழாயில் அடைப்பு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அவ்வட்டைகளையும் மருத்துவச் சீட்டையும் உடன் கொண்டு வருக. மரத்துப்போகும் ஊசி மட்டும் போடுவதாயின் காலை உணவும் வழக்கமான மாத்திரையும் உட்கொண்டே வரலாம். முழு மயக்கம் தருவதாயின் தனியே அறிவுறுத்துவோம்.

பல் எடுத்தபின் பஞ்சை அரைமணி நேரம் கடித்திருக்கவும். அன்று துப்புதல், சூடான பானம், வெற்றிலை, புகையிலை கூடா. கடையில் தாமாக வலி மாத்திரை வாங்க வேண்டா. டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்றவை அழுத்தத்தை ஏற்றக்கூடும். பஞ்சை மாற்றிக் கடித்தும் கசிவு நிற்காவிடில் இரவாயினும் மருத்துவமனைக்கு வருக.

எந்த மாத்திரையை நிறுத்துவது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அதுவரை ஒரு வேளையும் தவற வேண்டா.