கணினிக்குள் ஒரு நடை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நடக்கும்போது எந்தத் தசை எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பதை, உடலுக்குள் கருவி வைக்காமல் நேரடியாக அளக்க முடியாது. அதனால்தான் ஆய்வாளர்கள் எலும்பும் தசையும் கொண்ட மாதிரியைக் கணினியில் நடக்கவிட்டுக் கணக்கிடுகிறார்கள்.

நம்பிக்கை: இதுவும் சினிமா அனிமேஷன்தான்.

உண்மை: அனிமேஷனில் அசைவு இயல்பாகத் தெரிந்தால் போதும். இங்கே ஒவ்வொரு கணமும் நியூட்டனின் விதிகள் பொருந்தியாக வேண்டும். உடலில் ஒட்டிய குறிகளைக் கேமராக்கள் பின்தொடர்கின்றன. தரையில் பதித்த விசைத்தட்டு, பாதத்துக்கும் தரைக்கும் இடையிலான விசையை அளக்கிறது. இவ்விரண்டையும் கொண்டு மூட்டுகளின் திருப்புவிசையைக் கணக்கிடுகிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான ஓப்பன்சிம் மென்பொருளில் இதை எவரும் இலவசமாகச் செய்யலாம்.

நம்பிக்கை: ஒரு தசை தான் கடந்துசெல்லும் மூட்டை மட்டுமே அசைக்கும்.

உண்மை: கெண்டைக்காலின் சோலியஸ் தசை முழங்காலைக் கடப்பதே இல்லை. ஆனாலும் பாதம் ஊன்றியிருக்கும்போது அது கீழ்க்காலைப் பின்னுக்கு இழுக்கிறது, முழங்கால் நிமிர்கிறது. உடலின் பாகங்கள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், ஓரிடத்து இழுப்பு எல்லா மூட்டுகளையும் எட்டும்.

நம்பிக்கை: முழங்கால் மடங்கியபடி நடக்கும் குழந்தைக்குப் பின்தொடைத் தசை குறுகியிருக்கிறது.

உண்மை: பெருமூளை வாதம் உள்ள பல குழந்தைகள் இப்படி நடக்கிறார்கள். அந்தத் தசையை நீட்டும் அறுவைசிகிச்சை நெடுநாள் வழக்கம். 1996இல் ஆய்வாளர் ஸ்காட் டெல்ப் குழுவினர் நடையின்போது தசை நீளத்தை மாதிரியில் கணக்கிட்டார்கள். பெரும்பாலோருக்குப் பின்தொடைத் தசை குறுகியிருக்கவில்லை. இடுப்பை மடக்கும் சோவாஸ் தசைதான் குறுகியிருந்தது. முழங்கால் மடங்கும்போது பின்தொடைத் தசையில் குறையும் நீளத்தை, இடுப்பு மடங்குவது ஈடுசெய்துவிடுகிறது. தேவையற்ற கத்தியைத் தவிர்க்க இந்தக் கணக்கு உதவும்.

நம்பிக்கை: கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

உண்மை: ஒரே அசைவைத் தசைகள் பலவிதமாகப் பங்கிட்டுச் செய்யலாம். உடல் தன் உழைப்பைக் குறைத்துக்கொள்ளும் என்ற அனுமானத்தில் கணினி ஒரு பங்கீட்டைத் தேர்கிறது. அனுமானம் பிசகினால் விடையும் பிசகும். ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க உண்மையான அளவு வேண்டும். பெர்லினில் ஆய்வாளர் ஜார்ஜ் பெர்க்மான் குழுவினர் உணரி பொருத்திய செயற்கை இடுப்பு மூட்டுகளை நோயாளிகளுக்கு வைத்து அளந்தார்கள். சாதாரண நடையிலேயே அந்த மூட்டு உடல் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு சுமை தாங்குவது தெரிந்தது.

குழந்தையின் நடையைத் திருத்த அறுவைசிகிச்சை என்று மருத்துவர் சொன்னால், நடை ஆய்வு செய்தார்களா, எந்தத் தசை குறுகியிருக்கிறது என்று எப்படித் தெரிந்தது என்று, பெற்றோரே, தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.