மகிழுந்துக் கதவின் உள்ளுறையைக் கழற்றுதல்

மாணவர்களே, மகிழுந்தில் ஏறி அமர்ந்ததும் கதவின் உட்புறத்தை ஒருமுறை நோக்குங்கள். கை வைப்பதற்கு ஒரு மேடு, கதவைத் திறக்க ஒரு பிடி, கண்ணாடியை ஏற்றி இறக்க ஒரு சுழற்றியோ பொத்தானோ அங்கு இருக்கும். இவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் பலகையைப் பணிமனைகளில் ‘டோர் பேட்’ என்பர். இப்பாடத்தில் அதனை ‘உள்ளுறை’ என்று வழங்குவோம். உள்ளுறை உவமம் படித்தவர்கள் புன்னகைக்கலாம். அங்கும் இங்கும் வெளியே தெரிவதன் பின்னால் வேறொன்று இருக்கிறது.

மகிழுந்தின் கதவு நீர் புகாதது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. கண்ணாடியின் வெளிப்புறத்தில் வழியும் மழைநீரில் ஒரு பகுதி, அடியிலுள்ள ரப்பர்ப் பட்டையைக் கடந்து கதவின் உட்கூட்டுக்குள் இறங்கும். அவ்வாறு இறங்கும் என்பதை அறிந்தே கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகளை அமைத்துள்ளனர். உள்ளே வந்த நீர் அத்துளைகளின் வழியே வெளியேறிவிடும். அந்நீர் உள்ளுறையையும் இருக்கைப் பகுதியையும் தொடாதவாறு காப்பது ஒரு பாலித்தீன் தாள். உட்கூட்டுக்கும் உள்ளுறைக்கும் இடையே கரிய பசையால் அது ஒட்டப்பட்டிருக்கும். விலை மிகக் குறைந்த அத்தாளைப் பற்றியே நான் உங்களுக்குச் சொல்லவேண்டும்.

என்னிடம் இருப்பது ஒரு பழைய மாருதி 800. 1983ஆம் ஆண்டு இறுதியில் விற்பனைக்கு வந்து, 2014ஆம் ஆண்டுத் தொடக்கம்வரை உருவாக்கப்பட்ட வண்டி அது. உங்கள் தந்தையருள் சிலர் வண்டி ஓட்டப் பழகியதே அதில்தான் இருக்கும். நான் திருநெல்வேலியில் பணியாற்றியபோது அதன் இடப்பக்கக் கண்ணாடி இறங்காமல் நின்றுவிட்டது. ஒரு பணிமனையில் கொடுத்துச் சரிசெய்து வாங்கினேன். கண்ணாடி நன்றாகவே இயங்கியது. சில மாதங்களில் பணியிட மாற்றம் வந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் வந்துசேர்ந்தேன்.

மலைக்கு அப்பால் இருக்கும்வரை தெரியாத குறை இங்கு வந்தபின் தெரிந்தது. திருவனந்தபுரத்துக்கு இரண்டு மழைக்காலங்கள். ஜூன் தொடக்கத்தில் வருவதை இங்குள்ளோர் ‘இடவப்பாதி’ என்பர். அது இடவ மாதத்தின் பாதி, நமக்கு வைகாசியின் நடுப்பகுதி. அடுத்து வருவது ‘துலாவர்ஷம்’. துலாம் என்பது நம் ஐப்பசி. மாதப்பெயர்கள் வேறானாலும் ‘ஐப்பசி அடைமழை’ என்னும் நம் வழக்குக்கும் அச்சொல்லுக்கும் பொருள் ஒன்றே.

முதல் இடவப்பாதியில், ஓர் இரவு முழுவதும் மழை பெய்தது. முந்தைய நாள் வகுப்புத் தேர்வின் விடைத்தாள் கட்டை இடப்பக்க இருக்கையின் முன்னே, கால் வைக்கும் இடத்தில் வைத்துவிட்டு எடுக்க மறந்திருந்தேன். காலையில் கதவைத் திறந்தபோது தரைவிரிப்பு ஊறிக்கிடந்தது. அடியிலிருந்த பதினொரு தாள்களில் மை கரைந்து நீலக்கறையாகப் பரவியிருந்தது. அவற்றை மதிப்பிட இயலவில்லை. வகுப்பில் நின்று, “தாள்கள் நனைந்துவிட்டன” என்றேன். இரண்டாம் வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, நனைந்தனவா, நீங்கள் நனைத்தீர்களா?” என்று கேட்டாள். அதற்கு முந்தைய வாரம்தான் தன்வினை, பிறவினை நடத்தியிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கரமனைப் பகுதியில் பணிமனை நடத்தும் ஒருவரின் உதவியோடு கதவைப் பிரித்தேன். அவர் சொல்லச் சொல்ல நானே செய்தேன்.

முதலில் கண்ணாடியை முழுவதும் ஏற்றி, சுழற்றி எத்திசை நோக்கி நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் திரும்பப் பூட்டும்போது அது முழங்காலில் இடிக்கும் நிலையில் வந்து நிற்கும். பிறகு கைப்பிடியிலும் கைமேட்டிலும் உள்ள திருகாணிகளைத் திருப்புளியால் கழற்றவேண்டும். சில வண்டிகளில் அவை சிறு மூடிகளுக்குள் ஒளிந்திருக்கும். திருகாணி ஒன்றை மறந்துவிட்டு இழுத்தால் பலகை பிளக்கும்.

சுழற்றியில் திருகாணி இல்லை. இதனை எப்படிக் கழற்றுவது என்று நான் திகைத்தேன். அவர் ஒரு பழைய துணிக்கீற்றை எடுத்துச் சுழற்றிக்கும் அதன் பின்னுள்ள வட்டத் தகட்டுக்கும் இடையே நுழைத்தார். முனைகள் இரண்டையும் பற்றி, முதுகு தேய்ப்பதுபோல் இப்புறமும் அப்புறமுமாக இழுக்கச் சொன்னார். நாலைந்து இழுப்பில், குதிரைலாட வடிவில் வளைந்த கம்பிக் கிளிப் ஒன்று துணியில் மாட்டித் துள்ளி வெளியே வந்தது. அதைப் பிடிக்க மற்றொரு கையை அருகில் வைத்திருக்க வேண்டும். புல்தரையில் விழுந்தால் தேடிக் கிடைப்பது அரிது.

உள்ளுறையின் ஓரத்தில் நெகிழிக் கிளிப்புகள் கதவுத் தகட்டின் துளைகளில் செருகப்பட்டிருக்கும். துணி சுற்றிய தட்டையான கருவியைக் கீழ்மூலையில் நுழைத்து, கிளிப்பை ஒட்டியே நெம்பி, ஒவ்வொன்றாக விடுவிக்கவேண்டும். இரண்டு கிளிப்புகளுக்கு நடுவே நெம்பினால் பலகை வளையும். எல்லாம் விடுபட்டபின் பலகையை மேல்நோக்கித் தூக்கினால், கண்ணாடியோரத்தில் தொங்கும் மேல்விளிம்பு கழன்றுவரும். புதிய வண்டிகளில் பொத்தான்களுக்கும் ஒலிபெருக்கிக்கும் மின்கம்பிகள் செல்வதால், வேலையைத் தொடங்கும் முன்பே மின்கலத்தின் எதிர்முனை இணைப்பை நீக்கிவிட வேண்டும். பலகையையும் சட்டென்று இழுக்கக்கூடாது.

பலகை வந்தது. அதன் பின்னே பாலித்தீன் தாள் கீழ்ப்பாதியில் குறுக்காகக் கிழிந்து தொங்கியது. பணிமனைக்காரர் பார்த்துவிட்டு, “சாரே, ஷீற்று கீறி” என்றார்.

அச்சொல்லில் என் மனம் நின்றது. தமிழில் ‘கீறுதல்’ என்பது நகத்தால் கோடிடுவதையும் பிளப்பதையும் குறிக்கும். மலையாளத்தில் அது கிழிதலையும் கிழித்தலையும் ஒருங்கே குறிக்கும். அம்மொழியின் வினைமுற்றில் திணை, பால், இடம் காட்டும் விகுதியும் இல்லை. ஆகவே ‘ஷீற்று கீறி’ என்பதற்குத் தாள் கிழிந்தது என்றும், யாரோ தாளைக் கிழித்தார் என்றும் பொருள்கொள்ளலாம். மலையாளத்தில் இவ்வேறுபாடே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். ‘பொட்டி’ என்றால் உடைந்தது, ‘பொட்டிச்சு’ என்றால் உடைத்தது. ‘கீறி’ என்னும் இச்சொல்லில் அது தேர்வை நமக்கு விட்டுவிடுகிறது. தமிழில் கிழிந்தது, கிழித்தார் ஆகிய இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்.

திருநெல்வேலிப் பணிமனைக்குத் தொலைபேசியில் பேசினேன். “அது அப்பவே கிழிஞ்சிருந்துச்சு சார்” என்று விடை வந்தது. அது தன்வினை. உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், கிழிந்திருந்ததைக் கண்டவர் புதுத்தாள் ஒட்டாமல் பலகையை மூடியதற்கு எந்தத் தன்வினையும் உதவாது.

நாங்கள் தடித்த பாலித்தீன் தாளொன்றைப் பழைய தாளின் அளவில் வெட்டினோம். பழைய பசையை வெயிலில் இளகவிட்டு, அதன்மேலேயே புதுத்தாளை அழுத்தி ஒட்டினோம். தாளின் கீழ்விளிம்பு மட்டும் கதவுத் தகட்டின் துளைக்குள் செருகப்பட்டு உட்புறமாகத் தொங்கவேண்டும். அப்போதுதான் தாளில் வழியும் நீர் கதவுக்குள்ளேயே திரும்பி விழும். அடித்துளைகளை அடைத்திருந்த சேற்றையும் இலைத்துகளையும் ஒரு கம்பியால் குத்தி நீக்கினோம். பூட்டுவது, கழற்றிய வரிசையின் தலைகீழ். அதில் இரண்டு கிளிப்புகளை நான் உடைத்தேன்.

திங்களன்று அப்பதினொரு பேருக்கும் மறுதேர்வு வைத்தேன். கேள்வி கேட்ட மாணவியின் தாளும் அவற்றுள் ஒன்று.

பயிற்சி

1. பொருள் எழுதுக: உள்ளுறை, திருப்புளி, நெம்புதல், இளகுதல்.

2. கழன்றது – கழற்றினார் என்பதுபோல் பிறவினை எழுதுக: விலகியது, நனைந்தது, சுழன்றது, பிளந்தது. ஒன்றில் மட்டும் தன்வினைக்கும் பிறவினைக்கும் ஒரே வடிவம் வரலாம். அது எது? ‘கீறி’ என்னும் மலையாளச் சொல்லோடு அதனை ஒப்பிடுக.

3. பாலித்தீன் தாளின் கீழ்விளிம்பைப் பலகையின் பக்கமாக வெளியே விட்டு ஒட்டினால் நீர் எங்கே செல்லும்? மூன்று வரிகளில் விடை தருக.

4. உங்கள் வீட்டில் அண்மையில் பழுதான ஒரு பொருளைப் பற்றித் தன்வினையில் ஐந்து தொடர்கள் எழுதுக. அவற்றையே பிறவினையாக மாற்றுக. மாற்றும்போது எழுவாயாக யாருடைய பெயர் வருகிறது என்று காண்க.