காய்ந்த பூண்டும் எட்டாம் வகுப்புக் கணக்கும்

கிலோ 200 ரூபாய் விலையில் 100 கிலோ பச்சைப் பூண்டு வாங்குகிறீர்கள். காய்ந்ததும் 80 கிலோதான் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எடையில் 20 சதவீதம் போய்விட்டது. போட்ட முதலாவது கைக்குத் திரும்ப வேண்டுமென்றால் விலையை எத்தனை சதவீதம் ஏற்ற வேண்டும்?

ஒன்பதாம் வகுப்புக்குப் போகப்போகும் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். 20 என்று பதில் வந்தால் கிலோவை 240 ரூபாய்க்கு விற்கச் சொல்லுங்கள். 80 கிலோவுக்கு 19,200 ரூபாய்தான் வரும். 800 ரூபாய் கையைக் கடிக்கும். 250 ரூபாய்க்கு விற்றால்தான் 20,000 சரிக்குச் சரியாக வரும். அதாவது ஏற்ற வேண்டியது 25 சதவீதம். குறைந்தது 100 கிலோவில் 20. ஈடுகட்ட வேண்டியதோ மிச்சமுள்ள 80 கிலோவைக் கொண்டு. சதவீதக் கணக்கு எதுவானாலும் ‘எதில் இத்தனை சதவீதம்?’ என்று முதலில் கேட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு இந்தப் பாடம் பிடிபட்டுவிட்டது என்று நம்பலாம்.

இந்தக் கணக்கு அன்றாடம் நடக்கும் ஊர் வடுகபட்டி. அந்தப் பெயரைச் சொன்னால் வாசகர்களுக்குக் கவிஞர் வைரமுத்து. வியாபாரிகளுக்குப் பூண்டுச் சந்தை. பூம்பாறை, மன்னவனூர் பக்கமிருந்து இறங்கும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வடமாநிலப் பூண்டும் இங்கே வந்து இறங்குகிறது. கடையில் பில் போடுபவர் செய்வதைக் கவனியுங்கள்: மொத்த எடையில் சாக்கு எடையைக் கழிக்கிறார், தரம் தரமாக விலையைப் பெருக்குகிறார், கமிஷன் சதவீதத்தைப் பிடிக்கிறார், ஏற்றுக்கூலியையும் வண்டி வாடகையையும் பங்கு பிரிக்கிறார். இவை அத்தனையும் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் நடத்திய பாடங்கள்தான். அதற்கு மேல் எதுவும் அங்கே தேவைப்படுவதில்லை.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. நல்ல ஏற்பாடுதான், நிறுத்தி வைப்பதனால் எந்தப் பிள்ளைக்கும் பின்னம் புரிந்துவிடாது. ஆனால் ஆறாம் வகுப்பில் விழுந்த ஓட்டையை யாரும் பார்க்காமலே பிள்ளை ஒன்பதுக்குப் போய்விட முடியும். நாடு முழுக்கக் கிராமப்புறங்களில் எடுக்கப்படும் ‘ஏசர்’ ஆய்வில், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்த எட்டாம் வகுப்பு மாணவர்கள் பாதிக்கும் குறைவாகவே இருக்கிறார்கள்.

அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க, மே விடுமுறையில் எட்டாம் வகுப்புப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திரும்பப் படிக்க வைக்காதீர்கள். பிள்ளை தனக்குத் தெரிந்ததையே மறுபடி போட்டுப் பார்த்துத் திருப்தியடையும். தெரியாத இடம் வருவதற்குள் விடுமுறை முடிந்துவிடும். ஒரே ஒரு கேள்வித்தாள் போதும். அலைபேசி வேண்டாம், கால்குலேட்டர் வேண்டாம், செய்முறையை அழிக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

அந்தத் தாளில் 618ஐ 6ஆல் வகுக்கக் கொடுங்கள். 13 என்று விடை வந்தால் பிள்ளை நடுவில் வர வேண்டிய பூஜ்ஜியத்தை விட்டிருக்கிறது. சரியான விடை 103. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்லுங்கள். ஐந்தில் இரண்டு என்று எழுதினால் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறது. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் விடை எப்படி அரையைவிடக் குறையும் என்று ஒரு கேள்வி கேளுங்கள். விதியைத் திரும்பச் சொல்வதைவிட அது வேகமாக வேலை செய்யும்.

அடுத்தது –3 – 5. இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். ‘மைனஸும் மைனஸும் பிளஸ்’ என்று மனப்பாடம் செய்த வாய் உடனே 8 என்று சொல்லிவிடும். அந்த விதி பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரியது. மூன்று ரூபாய் கடனோடு இன்னும் ஐந்து ரூபாய் கடன் சேர்ந்தால் எட்டு ரூபாய் கடன், அதாவது –8. இதை இப்போதே சரிசெய்யாவிட்டால் ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் ஒவ்வொரு கணக்கும் கடைசி வரியில் தப்பும். பிள்ளை பாடத்தையே வெறுக்கும். உண்மையில் குறி ஒன்றுதான் தப்பியிருக்கும்.

பிறகு (x + 3)². விரித்து எழுதும்போது நடுவில் வரும் 6x காணாமல் போகிறதா பாருங்கள். ஆறு பேர் நான்கு மணி நேரத்தில் தரம் பிரிக்கும் பூண்டை எட்டுப் பேர் எத்தனை மணி நேரத்தில் பிரிப்பார்கள்? ஆள் கூடினால் நேரம் குறையும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தாளில் அதை மறந்து நேரத்தைக் கூட்டி எழுதுகிறார்கள். விடை மூன்று மணி நேரம்.

பெரிய எண்களுக்கு வெளியே போய்க் கேள்வி தேட வேண்டியதில்லை, நாளிதழிலேயே அணைச் செய்தி இருக்கிறது. அணையிலிருந்து வினாடிக்கு 900 கனஅடி தண்ணீர் திறந்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு? நாளுக்கு 86,400 வினாடி. பெருக்கினால் 7 கோடியே 77 லட்சத்து 60 ஆயிரம் கனஅடி. நூறு கோடி கனஅடி ஒரு டிஎம்சி. அந்த அளவு போக ஏறக்குறைய 13 நாள் ஆகும். அலகு மாற்றம், பெருக்கல், தோராயம் மூன்றும் ஒரே கேள்வியில் சோதிக்கப்பட்டுவிடும். கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைக்கு இது வெறும் பாடக் கணக்காகவும் தோன்றாது.

விடைத்தாளைத் திருத்தும்போது மதிப்பெண் போடாதீர்கள். ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். முறை தெரியவில்லையா, முறை தெரிந்தும் வாய்ப்பாடு தடுமாறியதா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா? முதலாவதற்கு ஆறாம், ஏழாம் வகுப்புப் புத்தகத்துக்கே திரும்பிப் போக வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் எல்லா வகுப்புப் புத்தகமும் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டாவதற்குத் தினம் பத்து நிமிடம் வாய்ப்பாடு. மூன்றாவதற்கு, கணக்குப் போடும் முன் கேள்வியைச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்வது. ஒரு நாளில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். விடுமுறையைக் கெடுத்துக் கற்பிக்கும் கணக்கு ஜூன் வரை தங்காது.

ஒன்பதாம் வகுப்பில் கண மொழி புதிது. மற்றவை பெரும்பாலும் பழைய பாடங்களின் மேல் நிற்பவை. மெய்யெண்கள் பாடம் பின்னத்தின் மேல் நிற்கிறது. ஆயத்தொலை வடிவியலுக்குக் குறை எண் வேண்டும். எல்லோரும் பயப்படும் முக்கோணவியல் முழுக்க விகிதம். ஆகவே முதலில் சரிசெய்ய வேண்டியவை பின்னம், குறி, விகிதம். நேரம் போதாவிட்டால் வடிவியல் நிரூபணங்களைப் பள்ளி திறந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

பணமும் இதில் இருக்கிறது. ஏழிலிருந்து எட்டுக்குப் போகும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வு காத்திருக்கிறது. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், மொத்தம் 48,000. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்பதுக்குப் போகிறவர்களுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு. வடுகபட்டி பேரூராட்சி என்பதால் இங்குள்ள பள்ளி மாணவர்களும் அதை எழுதலாம். விண்ணப்ப நாளைத் தலைமையாசிரியரிடம் பள்ளி திறந்ததுமே கேட்டு வைப்பது நல்லது.

வீட்டில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் அண்ணனோ அக்காவோ இருந்தால் இன்னும் வசதி. 200 கேள்விகளில் 25 கேள்விகள் திறனறிவும் மனக்கணக்கும். பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள்: சுருக்குதல், சதவீதம், மீப்பெரு பொதுக்காரணி, மீச்சிறு பொதுமடங்கு, விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பளவு, கனஅளவு, நேரமும் வேலையும். எட்டாம் வகுப்பின் ‘வாழ்வியல் கணிதம்’ பாடத்திலேயே சதவீதம், கூட்டுவட்டி, நேரமும் வேலையும் வந்துவிடும். கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் வீதம் 25 கேள்விக்கு முப்பத்தேழரை. தம்பியும் அக்காவும் ஒரே நேரத்தில் அமர்ந்து அதே பாடத்தைப் போடலாம். தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அக்காவுக்கு அவருடைய ஓட்டையும் தெரிந்துவிடும். கணக்கை விட்டுப் பல ஆண்டு ஆனவர்கள் பயிற்சி மையத்தின் குறுக்குவழிகளில் நேரே இறங்குவதைவிட இந்தப் பாடத்தை ஒருமுறை முழுசாகப் போட்டுவிட்டுப் போவது பலன் தரும். குறுக்குவழி எந்தக் கேள்விக்குப் பொருந்தும் என்று தெரிய வேண்டுமே.

மே கடைசி வாரத்தில் எண்களை மட்டும் மாற்றி அதே கேள்வித்தாளை இன்னொரு முறை கொடுங்கள். இரண்டு தாளையும் பிள்ளையே ஜூன் மாதம் கணக்கு ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டட்டும். ‘எனக்குக் கணக்கு வராது சார்’ என்று வரும் பிள்ளைக்கு எங்கே தொடங்குவது என்று ஆசிரியருக்குத் தெரியாது. ‘பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது மட்டும் தடுமாறுது சார்’ என்று தாளோடு வந்தால் மதிய இடைவேளையில் பத்து நிமிடத்தில் அதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்.