தண்டுவடம் – அறிவோம், தோள் கொடுப்போம்!



நம்ம பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படித்த ஒரு அண்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். எங்க தெருதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் மாங்காய் பறிக்க ஏறினார். கிளை முறிந்து கீழே விழுந்துவிட்டார். நாங்க ஓடிப்போய்த் தூக்கினோம். நான் காலைப் பிடித்தேன். பைக்கில் நடுவில் உட்கார வைத்து அனுப்பினோம். அதுதான் உதவின்னு நினைச்சோம். அப்படித் தூக்கவே கூடாது என்று பிறகுதான் தெரிந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

தண்டுவடம் என்றால் என்ன?

நம் முதுகெலும்புத் தொடரில் பிறக்கும்போது 33 எலும்புகள். அவற்றின் நடுவே உள்ள குழாய் போன்ற பாதையில் தண்டுவடம் இறங்குகிறது. பெரியவர்களுக்கு நீளம் சுமார் 45 செ.மீ. அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன. மூளை சொல்வது காலுக்குப் போவதும், காலில் முள் குத்தினால் மூளைக்குத் தெரிவதும் இந்த வழியாகத்தான்.

இதில் பலமாக அடிபட்டால், அந்த இடத்துக்குக் கீழே சேதி போகாது, வராது. கழுத்தில் பட்டால் கைகளும் கால்களும் பாதிக்கும். நடுமுதுகில் பட்டால் கைகள் வேலை செய்யும், கால்கள் செய்யாது. சிறுநீர், மலம் வருவதும் தெரியாமல் போகலாம். உடைந்த எலும்பு கூடிவிடும். ஆனால் சிதைந்த தண்டுவடத்தைப் பழையபடி ஆக்க இன்னும் மருந்து இல்லை.

விழுந்தவரை என்ன செய்ய வேண்டும்?

1. தூக்காதீர்கள், உட்கார வைக்காதீர்கள், கழுத்தைத் திருப்பாதீர்கள்.
2. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.
3. தலையும் கழுத்தும் அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள்.
4. மூச்சு விடுகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

ஒரு புண் சொன்ன பாடம்

அண்ணன் வீட்டுக்கு வந்ததும் ஊரே வந்து பார்த்தது. "ஐயோ பாவம்"னு சொல்லிட்டுப் போனது. ஆனால் ஒரே பக்கமாகப் படுத்திருந்ததால் இடுப்பில் படுக்கைப்புண் வந்துவிட்டது. உணர்ச்சி இல்லாததால் அவருக்கே வலி தெரியவில்லை. ஆற நாலு மாதம் ஆனது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டுமாம். அவங்க அம்மா வேலைக்குப் போகணும், அப்பா இல்லை. அதனால் எங்க தெருவில் முறை போட்டோம். பகலில் பக்கத்து வீட்டு அத்தை, சாயங்காலம் நாங்க. கொத்தனார் மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வாசலில் சாய்தளம் போட்டுக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. இப்போ அண்ணன் தானே வண்டியை உருட்டிக்கொண்டு டீக்கடை வரை வருகிறார். எனக்குக் கணக்கும் சொல்லித் தருகிறார்.

முடியுமா? முடியும்!

தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 'அமர் சேவா சங்கம்' இருக்கிறது. அதைத் தொடங்கியவர் திரு. எஸ். ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் பெயரிலேயே 1981-ல் சங்கத்தை ஆரம்பித்தார். 2020-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இரண்டு கால்களின் செயலையும் இழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார்!

இவர்களுக்கு மனஉறுதி இருந்தது. கூடவே தள்ளிவிட ஒரு கை, ஏறிவர ஒரு வழி, நம்பிக் கொடுத்த ஒரு வேலையும் இருந்தது.

இப்போ நம்ம முறை

அண்ணன் ஜூன் மாதம் திரும்பவும் படிக்க வரப்போகிறார். தலைமையாசிரியர் ஐயா சம்மதித்துவிட்டார். நான் டேப்பை எடுத்து அளந்து பார்த்தேன். வகுப்பு வராண்டாவுக்கு இரண்டு படி, மொத்த உயரம் 30 செ.மீ. சாய்தளத்துக்கு 1-க்கு 12 என்பது கணக்கு. அதாவது 360 செ.மீ. நீளம் வேண்டும். இடம் இருக்கிறது! ஆனால் கழிவறைக் கதவு 60 செ.மீ., அண்ணன் வண்டி 65 செ.மீ. வெறும் 5 செ.மீ.க்காக ஒருத்தர் படிப்பை நிறுத்தணுமா?

கொத்தனார் மாமா வருகிறேன் என்கிறார். மண்ணும் கல்லும் சுமக்க நாம் போதும். கதவுக்கு ஆசிரியர்கள் மனது வைக்க வேண்டும். வகுப்பில் அரைமணிக்கு ஒரு தடவை அண்ணன் கையை ஊன்றி உடம்பைத் தூக்குவார். புண் வராமல் இருக்கத்தான் அது. யாரும் சிரிக்க வேண்டாம்.

அன்றைக்குத் தெரியாமல் தூக்கினோம். இனிமேல் தெரிந்து தோள் கொடுப்போம். வருகிற சனிக்கிழமை காலை 8 மணி, வராண்டா முன்னால். வருவீங்களா?

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்