பின்காலில் பிறக்கும் குத்து

அன்புள்ள மருமகனுக்கு,

உன் அம்மா போனில் எல்லாம் சொன்னாள். பிரஸ் ஷாப்பில் ஷிஃப்ட் முடிந்த கையோடு பாக்சிங் வகுப்புக்கு ஓடுவது, மணிக்கட்டில் எடைப்பட்டை கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் காற்றைக் குத்துவது, வெறுங்கையால் பையைக் குத்தி விரல் முட்டி வீங்கிப் போனது, இவ்வளவு செய்தும் குத்தில் வேகமும் கனமும் ஏறவில்லையே என்ற உன் மனக்குறை, எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. உன் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த உழைப்பெல்லாம் கையிலேயே போய் முடிகிறது என்பதுதான் மாமாவுக்குக் கவலை.

குத்தின் பலம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சோவியத் ஆராய்ச்சியாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1985இல் வெளியான ஃபிலிமோனோவ் குழுவின் ஆய்வு, 120 குத்துச்சண்டைக்காரர்களின் நேர்க்குத்தைக் கூறுகூறாகப் பிரித்தது. தேர்ந்த வீரர்களின் குத்தில் பின்கால் தரையை உந்துவதன் பங்கு சுமார் 38 சதவீதம். இடுப்பும் உடம்பும் திரும்புவதற்கு 37. கை நீள்வதற்கு வெறும் 24. புதிதாகப் பழகும் பையன்களிடம் கணக்கு அப்படியே புரண்டு கிடந்தது: கைக்கு 38, காலுக்கு 17. மொட்டை மாடியில் நடப்பது இந்த இரண்டாவது கணக்கு.

இந்த வித்தியாசம் குத்து விழும் இடத்தில் எவ்வளவு பெரிதாகிறது என்பதற்கும் அளவு இருக்கிறது. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், குத்தின் விசையை அளக்கும் கருவியில் வீரர்களைக் குத்தவிட்டார்கள். முன்னணி வீரர்களின் பின்கை நேர்க்குத்து சராசரியாக 4,800 நியூட்டன். நடுத்தர வீரர்களுக்கு 3,722. புதியவர்களுக்கு 2,381, அதாவது முன்னணி வீரர்களுடையதில் ஏறக்குறைய பாதி. அதே முன்னணி வீரர்கள் முன்னால் நிற்கும் கையால் குத்தியபோது அவர்களுக்கே 2,847தான் கிடைத்தது. ஆள் அதே ஆள்தான். பின்காலும் இடுப்பும் முழுதாகத் திரும்பி வர அந்தக் குத்தில் இடமில்லை, அவ்வளவே.

நீ தினமும் நிற்கும் பவர் பிரஸ்ஸையே எடுத்துக்கொள். தகட்டை வெட்டுவது டை. ஆனால் சக்தியைச் சேர்த்து வைத்திருப்பது மேலே சுற்றும் ஃப்ளைவீல். முஷ்டி என்பது டை மட்டும்தான்.

புனே பக்கத்துப் போசரியில் இருந்துகொண்டு காலை மறப்பது உண்மையிலேயே நியாயமில்லை. கபடிக்கும் மல்யுத்தத்துக்கும் பேர்போன ஊர் அது. அங்கே ஏதாவது ஒரு தாலிமில், அதாவது மல்யுத்தக் கூடத்தில், விடிகாலையில் போய் நின்று பார். செம்மண் களத்தில் இறங்குவதற்கு முன்னால் பயில்வான்கள் பைடக் போட்டுக்கொண்டிருப்பார்கள். நம் ஊரில் அதைத்தான் பஸ்கி என்கிறோம். அவர்களுடைய டண்ட் நம் தண்டால். தொடையும் இடுப்பும் உரமேறாதவனை எந்த உஸ்தாதும் களத்தில் இறக்கமாட்டார். குத்துச்சண்டைக்கும் அந்த அஸ்திவாரம் அப்படியே பொருந்தும்.

ஒரு திருத்தம் மட்டும் சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கில் பஸ்கி போட்டால் தாக்குப்பிடிக்கும் சக்தி வளரும். வெடித்துக் கிளம்பும் சக்தி அந்த அளவுக்கு வளராது. குத்துக்கு வேண்டியது இரண்டாவது. ஆகவே வாரத்தில் இரண்டு நாள், விவரம் தெரிந்தவர் பக்கத்தில் நிற்க, தோளில் பாரம் வைத்துக் குறைந்த எண்ணிக்கையில் பஸ்கி போடு. இன்னொரு நாள் உட்கார்ந்தெழுந்து உயரத் தாவு. மெடிசின் பந்தைச் சுவருக்குப் பக்கவாட்டில் நின்று இடுப்பைத் திருப்பி எறிந்து பழகு. நேர்க்குத்துக்கு இவ்வளவு நெருக்கமான பயிற்சி வேறு அதிகமில்லை. மேலுடம்பையும் தள்ளிவிடாதே. பிரேசில் தேசிய அணியின் குத்துச்சண்டை வீரர்களை வைத்து 2016இல் வெளியான ஆய்வில், பாரத்தோடு தாவும் சக்தியும் படுத்தபடி பாரத்தை மேலே எறியும் சக்தியும், இரண்டுமே குத்தின் விசையோடு சேர்ந்தே ஏறியிருந்தன. பைசெப்ஸுக்காக மட்டும் செலவழிக்கும் மாலைகளைத்தான் மாமா மிச்சம் பிடிக்கச் சொல்கிறேன்.

இனி வேகம். எடைப்பட்டையை இன்றைக்கே கழற்றி வை. கையில் கட்டிய எடை கையைக் கீழே இழுக்கும். குத்து போகும் திசையோ முன்னால். அதோடு மல்லாடித் தோள் களைக்குமே தவிர, குத்து வேகமாகப் பழகாது. மெல்ல மெல்லக் குத்தி மெதுவான குத்தையே உடம்பு படித்துக்கொள்ளும்.

வேகத்தின் பெரிய எதிரி இறுக்கம். முதுகெலும்பு இயக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் 2010இல் தேர்ந்த எம்.எம்.ஏ. (கலப்புத் தற்காப்புக் கலை) வீரர்களின் தசைகளில் மின்முனைகளை ஒட்டிப் பார்த்தார். அடி கிளம்பும்போது தசை ஒருமுறை சட்டென இறுகுகிறது. முஷ்டி காற்றில் போகையில் தளர்ந்துவிடுகிறது. இலக்கைத் தொடும் நொடியில் மறுபடி இறுகுகிறது. நடுவில் வரும் அந்தத் தளர்வுதான் வேகம். கடைசி இறுக்கம்தான் உடம்பின் கனத்தை முஷ்டிக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்துவது. பல்லைக் கடித்து, தோளைக் காதுவரை தூக்கி, முஷ்டியை ஆரம்பத்திலிருந்தே நெரித்துக்கொண்டு குத்துபவனுக்கு இரண்டும் கிடைக்காது. மூச்சை ‘ஸ்’ என்று விட்டுக்கொண்டே குத்தினால் பாதி இறுக்கம் தானாகப் போகும்.

புரூஸ் லீ 1964இல் கலிபோர்னியாவின் லாங் பீச் கராத்தே போட்டியில் ஓரங்குலக் குத்தைக் காட்டியதும், எதிரே நின்றவர் பின்னால் இருந்த நாற்காலியில் போய் விழுந்ததும் உனக்குத் தெரிந்த கதைதான். அதை மந்திரம் என்று நினைக்க வேண்டாம். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் கராத்தே கறுப்புப் பட்டைக்காரர்கள் 12 பேரையும் கராத்தே பழகாத 12 பேரையும் ஐந்து சென்டிமீட்டர் தூரத்திலிருந்து குத்தச் சொன்னார்கள். 2012இல் முடிவு வந்தது. பட்டைக்காரர்களின் குத்து பலமாக விழுந்ததற்குக் காரணம் தசை அல்ல. தோளும் மணிக்கட்டும் ஒன்றோடொன்று நேரம் பிசகாமல் ஒத்துப்போனது. அவர்களுடைய மூளையில் அசைவை ஒழுங்குபடுத்தும் பகுதிகளின் அமைப்பே மாறுபட்டிருந்தது. அந்த மாற்றம் பயிற்சி ஆண்டுகளோடு தொடர்புள்ளதாகவும் இருந்தது. சராசரியாகப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் பழகியவர்கள் அவர்கள். சில மாதத்தில் சலித்துக்கொள்வது சரியா என்று நீயே யோசி.

வகுப்பில் ஒரு வரிசை மாற்றம் செய்துகொள். வேகப் பயிற்சி களைப்பில்லாதபோது நடக்க வேண்டியது. உடம்பு சூடேறியதும், முதல் வேலையாக, பத்து நொடி முழு வேகத்தில் குத்து; பிறகு மூச்சு நிதானத்துக்கு வரும்வரை நில். மறுபடி பத்து நொடி. குத்தின் சத்தம் மந்தமானால் அன்றைக்கு வேகம் முடிந்தது. ஷிஃப்டில் நின்று கால் கடுத்துப்போன நாளில் பேட் பயிற்சியையும் ஸ்கிப்பிங்கையும் வைத்துக்கொள். பாரப் பயிற்சி மறுநாளைக்குப் போகட்டும்.

உடம்பு சிறிசு என்று உன் அம்மாவிடம் புலம்பினாயாம். நம் நாட்டு அமித் பங்கல் 49 கிலோ எடைப் பிரிவில் நின்றுதான் 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியின் இறுதியில் ரியோ ஒலிம்பிக் சாம்பியன் துஸ்மதோவைத் தோற்கடித்தார். அந்தச் சண்டையைத் தேடிப் பார். முதலில் அவர் கைகளைப் பார்க்காமல் கால்களை மட்டும் பார். நம் சென்னையின் வி. தேவராஜன் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடியவர், 1994இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கியவர். அவரும் 54 கிலோ பேண்டம்வெயிட்தான். ‘சார்பட்டா பரம்பரை’ படத்தைப் பலமுறை பார்த்திருப்பாய். வடசென்னையில் ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை என்று சொல்லி வளர்ந்த அந்த ஆட்டத்தில், வாத்தியார்கள் புதுப் பையனுக்கு முதலில் கற்றுத்தந்தது நிற்கவும் நகரவும்தான். 

கடைசியாக இரண்டு கண்டிப்பு.

ஒன்று, கை. வெறுங்கையால் பையைத் தொடவே கூடாது. சுண்டுவிரல் முட்டிக்குக் கீழே இருக்கும் எலும்பு முறிவதற்கு ‘பாக்சர் முறிவு’ என்றே மருத்துவத்தில் பெயர் இருக்கிறது. முஷ்டி சரிந்து கடைசி முட்டிகளில் பாரம் விழுவதால் வருவது. பேண்டேஜை மணிக்கட்டிலிருந்து தொடங்கி, விரலிடுக்குகள் வழியாகக் கட்டக் கற்றுக்கொள். மணிக்கட்டு முழங்கையோடு ஒரே கோட்டில் நிற்க, ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள் இலக்கைத் தொட வேண்டும். அந்தக் கைதான் நாளைக்கு மெஷினிலும் வேலை செய்ய வேண்டும்.

இன்னொன்று, தலை. 1985இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் ஹெவிவெயிட் வீரர் ஃபிராங்க் புருனோவின் குத்தை அளந்தார்கள். நொடிக்கு 8.9 மீட்டர் வேகம், சுமார் 0.4 டன் விசை. பஞ்சு சுற்றிய ஆறு கிலோ மரச் சம்மட்டியை மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் வீசுவதற்குச் சமம் என்று எழுதினார்கள். ஹெவிவெயிட் கணக்குதான், ஆனாலும் உன் குத்து பலமாக ஆக, எதிரே நிற்கும் பையனின் தலைக்கும் நீ பொறுப்பு. ஸ்பாரிங்கில் முழு பலத்தைக் காட்டாதே. ஹெட்கார்டு இல்லாமல் இறங்காதே. உனக்கோ அவனுக்கோ தலை சுற்றினால், பார்வை மங்கினால், அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்திப் பயிற்சியாளரிடம் சொல்லி டாக்டரைப் பார்க்க வேண்டும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

முட்டி வீக்கம் இன்னும் வற்றவில்லை என்றாள் உன் அம்மா. இந்த வாரமே ஓர் எலும்பு டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்துவிடு. அவர் சரி என்று சொல்லும்வரை பை வேண்டாம். காலாட்டமும் பஸ்கியும் போதும். கை தேறியதும், பின்கால் குதி தெரியும்படி பக்கவாட்டில் இருந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. எங்கே பிசகுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா