வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகிறீர்களா? போனை மட்டும் நம்பாதீர்கள்!

தமிழ் இணைய மாநாடுகள் பற்றி வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழ்99 கீபோர்டு நமக்குக் கிடைத்தது 1999 சென்னை மாநாட்டின் வழியாகத்தான். 1997, 2000, 2004, 2015 ஆகிய ஆண்டுகளில் சிங்கப்பூரிலும், 2009-ல் ஜெர்மனியின் கொலோன் நகரிலும், 2011-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும், 2017-ல் கனடாவின் டொராண்டோவிலும் இம்மாநாடுகள் நடந்தன. இது போன்ற மாநாடுகளுக்குக் கட்டுரை படிக்கப் போகிற எல்லோருக்கும் டிக்கெட், விசா எடுத்துத் தர கம்பெனி இருப்பதில்லை. ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் சொந்தச் சேமிப்பில்தான் போகிறார்கள்.

நான் உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த சாப்ட்வேர் இன்ஜினியர். எங்கள் ஊர்த் தமிழாசிரியர் ஒருவர், பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளைப் பற்றிய கட்டுரையுடன் சிங்கப்பூர் மாநாடு ஒன்றுக்குப் புறப்பட்டார். அவருக்கு அதுதான் முதல் விமானப் பயணம். டிக்கெட், விசா, பணம், மேப், கட்டுரை எல்லாமே அவருடைய ஒரே போனில் இருந்தன. "சார், இந்தப் போன் அணைந்து போனால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பதிலாக நாங்கள் போட்ட பட்டியல்தான் இது.

பெயரும் இமெயிலும்

நம் ஊரில் இனிஷியல் பெரிய தொல்லை. பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிவாக இருக்கும். மாநாட்டுப் பதிவில் ஒரு எழுத்து மட்டும் இருக்கும். மாநாட்டுப் பதிவு, அழைப்புக் கடிதம், டிக்கெட், விசா ஆகிய நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுக்கவும். விசா வந்தவுடன் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும்.

விண்ணப்பங்களை பிரவுசிங் சென்டரில் நிரப்பினால், அங்கே இருப்பவர் அவசரத்துக்குத் தன் இமெயிலைக் கொடுத்துவிடலாம். இதற்கு இடம் தராதீர்கள். சிங்கப்பூரில் இப்போது வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்ற அனுமதி, நீங்கள் கொடுத்த இமெயிலுக்குத்தான் வரும்.

அரைவல் கார்டு இலவசம்

சிங்கப்பூர் போகிறவர்கள், இறங்கும் நாள் உட்பட 3 நாட்களுக்குள் 'எஸ்ஜி அரைவல் கார்டு' படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். இது விசா அல்ல. விசாவைத் தனியாக எடுக்க வேண்டும். மலேசியாவுக்கும் இதே போன்ற டிஜிட்டல் கார்டு உண்டு. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. ஆனால் கூகுளில் தேடினால், அரசுத் தளம் போலவே தோன்றிப் பணம் கேட்கும் தளங்களும் வரும். கார்டு எண்ணைக் கேட்டால் அங்கேயே நிறுத்தி விடுங்கள். சிங்கப்பூர் அரசுத் தளத்தின் பெயர் 'ஜிஓவி டாட் எஸ்ஜி' என்று முடியும்.

ஓடிபி எங்கே வரும்?

அங்கே போய் உள்ளூர் சிம் வாங்கியதும் பலர் இந்திய சிம்மைக் கழற்றி விடுகிறார்கள். பிறகு பேங்க் ஓடிபி வருவதற்கு வழியில்லை. இரண்டு சிம் போடும் போன் என்றால் முதல் இடத்தில் இந்திய சிம்மை அப்படியே விட்டு வைக்கவும். ரோமிங் வசதியை ஊரிலேயே இயக்கி விடுங்கள். ஆனால் அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து விடவும். இல்லையென்றால் பில் எகிறும். டேட்டாவுக்கு உள்ளூர் சிம்மைப் பயன்படுத்தலாம்.

போனே தொலைந்தால்? ஜிமெயிலில் இரண்டு கட்டப் பாதுகாப்பு வைத்திருந்தால், வேறு கம்ப்யூட்டரில் நுழையும்போது சரிபார்ப்புக் கோடு கேட்கும். இதற்காகவே கூகுள் 'பேக்கப் கோடுகள்' தருகிறது. மொத்தம் 10 கோடுகள், ஒவ்வொன்றும் 8 இலக்கம். கூகுள் அக்கவுண்டில் செக்யூரிட்டி பகுதிக்குச் சென்று இவற்றைப் பிரிண்ட் எடுத்து பர்ஸில் வைக்கவும். ஒரு கோடு ஒரு முறைதான் செல்லும்.

கார்டு வேலை செய்யுமா?

ரிசர்வ் வங்கி 2020-ல் கொண்டு வந்த விதிப்படி, புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைந்த நிலையில்தான் வருகிறது. பேங்க் ஆப்பிலோ கிளையிலோ அதை இயக்க வேண்டும். காண்டாக்ட்லெஸ் வசதிக்குத் தனி சுவிட்ச். இதை இயக்கிய விசா அல்லது மாஸ்டர்கார்டு இருந்தால் சிங்கப்பூர் மெட்ரோ ரயிலில் டிக்கெட் வாங்காமலே தட்டிவிட்டு ஏறலாம். வெளிநாட்டு கார்டுக்குச் சிறு கட்டணம் உண்டு. இரண்டு கார்டுகளை எடுத்துச் சென்று, ஒன்றைப் பர்ஸிலும் ஒன்றைப் பையிலும் வைக்கவும். முதல் இரண்டு நாள் செலவுக்கு அந்நாட்டுப் பணம் கையில் இருக்கட்டும்.

சார்ஜரும் பவர் பேங்கும்

லேப்டாப் அடாப்டரின் அடியில் உள்ள சிறு எழுத்துகளைப் படியுங்கள். 'இன்புட் 100-240 வோல்ட்' என்று இருந்தால் எந்த நாட்டிலும் வேலை செய்யும். பிளக் வடிவம்தான் மாறும். சிங்கப்பூர், மலேசியாவில் மூன்று செவ்வகக் கால்கள்; ஜெர்மனியில் இரண்டு உருண்டைக் கால்கள்; அமெரிக்கா, கனடாவில் தட்டைக் கால்கள், அதோடு 120 வோல்ட்தான். கன்வெர்ஷன் பிளக்கை ஊரிலேயே வாங்கி விடுங்கள்.

பவர் பேங்கை செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. கைப்பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட்-அவர் வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. கணக்கு எளிது: 20,000 எம்ஏஹெச் என்றால் 20 ஆம்பியர்-அவர், அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-அவர். விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தச் சில நிறுவனங்கள் தடை விதித்துள்ளன; உங்கள் விமான நிறுவனத்தின் விதியைப் பார்த்துக் கொள்ளவும்.

கட்டுரை கட்டம் கட்டமாகத் தெரிகிறதா?

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் டைப் செய்த கட்டுரை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றவும். பிறகு பவர்பாயிண்டில் பைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று சென்று, எழுத்துருவை பைலோடு சேர்க்கும் கட்டத்தில் டிக் செய்யவும். கூடவே பிடிஎப் பிரதி ஒன்று. பென் டிரைவில் ஒன்று, இமெயிலில் ஒன்று, காகிதத்தில் ஒன்று என மூன்று இடங்களில் கட்டுரை இருக்கட்டும்.

கூகுள் மேப்பை டவுன்லோட் செய்து வைத்தாலும், இணையம் இல்லாதபோது அது கார் வழியை மட்டுமே காட்டும். நடக்கும் வழியும் ரயில் வழியும் வராது. எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும், எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும் என்பதைக் காகிதத்தில் எழுதிக் கொள்ளவும்.

ஒரு சின்னப் பரீட்சை

புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போனை அணைத்து அலமாரியில் வைத்து விடுங்கள். ஒரு பைலில் பாஸ்போர்ட் நகல், விசா, டிக்கெட், அழைப்புக் கடிதம், ஹோட்டல் முகவரி, மாநாட்டுப் பொறுப்பாளர் எண், இந்தியத் தூதரக எண் ஆகியவற்றை அடுக்கவும். இன்னொரு செட் வீட்டில் இருப்பவரிடம் இருக்கட்டும். இப்போது இந்தப் பைலை மட்டும் பார்த்து நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். விமானம் எத்தனை மணிக்கு? இறங்கியதும் எங்கே போக வேண்டும்? யாரைக் கூப்பிட வேண்டும்? கட்டுரையைப் போன் இல்லாமல் வாசிக்க முடியுமா?

எங்கள் ஊர் ஆசிரியர் முதல் முறை இரண்டாவது கேள்வியில் நின்றுவிட்டார். ஹோட்டல் முகவரி போனில் மட்டும்தான் இருந்தது. அன்று மாலையே பிரிண்ட் எடுத்துச் சேர்த்தோம். எந்தக் கேள்வியில் நீங்கள் நிற்கிறீர்களோ, அதுதான் பைலில் இன்னும் சேராத காகிதம்.